அந்தி வெளிச்சத்துக்கு ஒரு ஸ்கோப்

துப்பாக்கிக்குப் புது ஸ்கோப் வாங்கியே தீருவது என்று ஹார்லன் பிரெக்கி முடிவெடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பக்கத்து வீட்டு டுவேனின் ஹாலில், ஒரு மானின் முகத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தான்.

மான் செத்துப் பல மாதமாயிற்று. தலை மட்டும் சுவரில் இருந்தது. கொம்பு இந்த ஜன்னலிலிருந்து அந்த ஜன்னல்வரை. அந்தத் தலைக்குக் கீழே உட்கார்ந்து சீட்டுப் போட்டுக்கொண்டிருந்த டுவேன், பெரிய கொம்பன் மாதிரி மீசையைத் தடவிக்கொண்டான். நியாயமாகப் பார்த்தால் அந்தக் கொம்பு ஹார்லன் வீட்டுச் சுவரில் இருந்திருக்க வேண்டும். அந்த மானை முதலில் பார்த்தது அவன்தான். போன நவம்பரில், சட்டப்படி சுடலாம் என்கிற கடைசி வெளிச்சத்தில், பரண் மேல் உட்கார்ந்து வெறுங்கண்ணால் பார்த்தான். பெரிதாக ஏதோ நகர்ந்தது. துப்பாக்கி மேல் தொலைநோக்கி மாதிரி மாட்டியிருந்த ஸ்கோப்புக்குள் கண்ணை வைத்தால், உள்ளே ஒரே பால். பாலுக்குள் ஏதோ நிழல். கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்ப்பதற்குள் நிழலும் இல்லை. மறுநாள் காலை டுவேன் செருப்போடு கொல்லைப்பக்கம் வந்தவன், உருளைக்கிழங்குத் தோட்டத்தில் நின்ற அதே மானைக் கொட்டாவி விட்டுக்கொண்டே சுட்டான். ஹார்லனுக்கு மானும் போயிற்று, மானமும் போயிற்று.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் டுவேன் அவனை அந்த நாற்காலியில்தான் உட்காரவைப்பான்.

"உன்னையேதான் பாக்குது ஹார்லன். எங்கயோ பாத்த முகம்னு பாக்குது."

"சீட்டைப் போடுய்யா."

"போட்டாச்சே. உனக்குத்தான் தெரியல."

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக ஹார்லன் சமையலறையில் நின்று அறிவித்தான்.

"வெர்னா, புது ஸ்கோப்பு வாங்கப் போறேன்."

வெர்னா அடுப்பிலிருந்து திரும்பவில்லை. "கண் டாக்டர்கிட்டப் போ."

"நான் என்ன சொல்றேன், நீ என்ன சொல்ற?"

"ரெண்டு பேரும் ஒண்ணைத்தான் சொல்றோம். நீ கண்ணுக்கு வெளிய சரி பண்ணணும்ங்கற. நான் உள்ள சரி பண்ணணும்ங்கறேன்."

"என் கண்ணு கழுகுக் கண்ணு."

"கழுகு நேத்து காப்பியில சக்கரைன்னு உப்பப் போட்டுச்சு."

"ஏதோ யோசனைல இருந்தேன்."

"முழுசாக் குடிச்சியே?"

"யோசனைலதான் குடிச்சேன்."

கண் டாக்டர் என்றால் ஹார்லனுக்கு ஏன் அவ்வளவு பயம் என்பது அந்த ஊருக்கே தெரியும். காகித ஆலையில் அவனோடு வேலை பார்த்த எல்ராய், கண்ணில் ஏதோ உறுத்துகிறது என்று டாக்டரிடம் போனான். வெளியே வரும்போது கார் ஓட்டும் உரிமத்தை விட்டுவிட்டு வந்தான். விஸ்கான்சினின் வடக்கு மூலையில், அடுத்த வீட்டுக்கே காரில் போகிற ஊரில், அது காலைக் கழற்றி வாங்கிக்கொண்டது மாதிரி. இப்போது எல்ராயை முடி வெட்டிக்கொள்ளக்கூட மருமகள்தான் கூட்டிக்கொண்டு போகிறாள். எப்படி வெட்ட வேண்டும் என்பதையும் அவளே சொல்கிறாளாம்.

"சரி," என்றாள் வெர்னா. "மலிவா இருந்தா வாங்கிக்கோ."

ஹார்லன் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். வெர்னா ஒரு விஷயத்துக்கு இத்தனை சுலபமாகச் சம்மதித்தது வாழ்க்கையில் இது இரண்டாவது தடவை. முதல் தடவை, என்னைக் கட்டிக்கிறாயா என்று அவன் கேட்டபோது. அதன் பலனை அவன் இன்னும் அனுபவித்துக்கொண்டிருக்கிறான்.

ஊரில் துப்பாக்கிச் சாமான் விற்பது மார்ஜ் கடையில். மார்ஜ் புருஷனை இழந்தவள். புருஷன் விட்டுப்போன கடையை அவனைவிட நன்றாக நடத்துகிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் பாட்டுக்குழுவில் வெர்னாவுக்குப் பக்கத்தில் நின்று பாடுவாள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஜெர்மன் ஸ்கோப் ஒன்று பட்டுத்துணி மேல் படுத்திருந்தது. ஹார்லன் குனிந்து விலையைப் பார்த்தான். அந்த ஒரு எண் மட்டும் அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"அது டாக்டருங்க வாங்கறது," என்றாள் மார்ஜ். "நம்ம வரிசை இந்தப் பக்கம். எதுக்கு, அந்தி நேரத்துக்கா?"

"கடைசி வெளிச்சத்துக்கு."

"அப்ப இத எடு. ஆறு மடங்குதான் பெரிசாக் காட்டும், ஆனா முன்பக்கக் கண்ணாடி நல்ல அகலம். வெளிச்சத்த அள்ளிக் குடுக்கும். விலையும் கம்மி."

"ஆறுதானா? டுவேன்கிட்ட எத்தனை?"

"ஒன்பது."

"பெட்டியில இருக்கிறதுலயே பெரிசு எது?"

"இருபத்திநாலு. ஆனா கேளு ஹார்லன், மடங்கு கூடக்கூட வெளிச்சம் கொறையும். இருக்கிற ஒரு டம்ளர் பாலை அண்டாவுல ஊத்திட்டு நெறையலயேன்னு அழக் கூடாது."

"இருபத்திநாலக் குடு."

அன்று சாயங்காலம் கொல்லை வராந்தாவில் உட்கார்ந்து, ஸ்கோப்பைக் கையில் பிடித்தபடி காட்டோரத்தைப் பார்த்தான். மார்ஜ் சொன்னது சரியாகத்தான் இருந்தது. இருபத்திநாலு மடங்கு இருட்டு.

மறுநாள் திருப்பிக் கொடுத்து ஆறு மடங்கை வாங்கிவந்தான். அந்தி வந்தது. பால் வந்தது. அதையும் திருப்பினான். அடுத்ததில் குறி வைக்கச் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரியும். பனிமூட்டத்தின் நெற்றியில் யாரோ பொட்டு வைத்த மாதிரி இருந்தது. அதையும் திருப்பினான். இப்படி அவன் கொண்டுபோவதும் கொண்டுவருவதுமாக இருக்க, மார்ஜ் ஒரு நாள் கடைவாசலிலேயே மறித்தாள்.

"இனிமே உன்கிட்டக் குடுக்கக் கடையில நான் ஒருத்திதான் பாக்கி."

"எல்லாம் மட்டமான சரக்கு. மலிவா வாங்கினா இப்படித்தான்."

"நீ திருப்பின ஸ்கோப்பு வழியா நேத்து அந்தியில பாத்தேன். மாதா கோவில் கூரை மேல உக்காந்திருந்த காக்கா எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு தெரிஞ்சுது." மார்ஜ் கொஞ்சம் யோசிக்கிறவள்போல நின்றாள். "ஒண்ணு செய். இருட்டுல ஒவ்வொருத்தன் கண்ணு பாப்பாவும் ஒவ்வொரு அளவு விரியும். அத அளந்துட்டு, அதுக்குப் பொருத்தமா ஸ்கோப்பு வாங்கணும். டவுன்ல ஒரு ஆளு இருக்கான், அளந்து சொல்லுவான். அவனும் வேட்டைக்காரந்தான். மார்ஜ் அனுப்பினான்னு சொல்லு."

மார்ஜ் இதில் ஒரு சொல்கூடப் பொய் சொல்லவில்லை. இதை அவளே பிற்பாடு பல பேரிடம் சத்தியம் செய்து சொன்னாள்.

டவுனுக்குப் போகிற அன்றைக்கு வெர்னாவும் கிளம்பி நின்றாள். "ஹாலுக்குத் திரைத்துணி எடுக்கணும். நான் ஓட்டறேன்."

செங்கல் கட்டடம் ஒன்றின் முன்னால் வண்டியை நிறுத்தினாள். வாசலுக்கு மேல் ஆள் உயர எழுத்தில் ஒரு பலகை இருந்தது. ஹார்லன் அதை அண்ணாந்து பார்த்தான். ஏதோ வெள்ளையாக இருந்தது. நல்ல பெரிய கடைதான் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனான்.

உள்ளே இருந்தவன் பெயர் தாவ். லாவோஸ் மலைப்பக்கத்திலிருந்து வந்து குடியேறிய மங் வம்சத்துப் பையன். அந்தப் பக்கத்து மங் ஆட்கள் வேட்டையில் புலிகள் என்று ஹார்லனுக்குத் தெரியும். மேசை மேல் மானோடு எடுத்த படம் வேறு இருந்தது. கட்டம் போட்ட சட்டை. ஹார்லனுக்கு அவனைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. எந்தக் காட்டில் அடித்தது, எந்தப் பக்கம் காற்று என்று ஆசையாகக் கேட்டான். தாவும் பதில் சொல்லிக்கொண்டே அவன் கண்ணில் சொட்டு மருந்து விட்டான்.

"பாப்பா விரியறதுக்கு."

"நல்லா விரியுதா?"

"நல்லா விரியுது மிஸ்டர் பிரெக்கி. ஜன்னல் அகலமாத்தான் தொறந்திருக்கு. உள்ளதான் திரை போட்டிருக்கு."

"என்ன திரை?"

"கண்புரை. ரெண்டு கண்லயும் இருக்கு. வலது கண்ணு ரொம்ப மோசம். நீங்க ஜெர்மன் ஸ்கோப்பே வாங்கினாலும் இந்தத் திரை வழியாத்தானே பாக்கணும்?"

ஹார்லன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டான். "நீங்க… யாரு?"

"கண் டாக்டர்." பையன் உண்மையிலேயே குழம்பினான். "வாசல்ல எழுதியிருக்கே?"

வெளியே வந்தபோது உலகம் முழுக்க ஒரே வெளிச்சமாகக் கொட்டியது. மருந்து செய்கிற வேலை. கோபித்துக்கொண்டு நாலடி வேகமாக நடக்கக்கூட முடியவில்லை. வெர்னாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் கோபப்பட வேண்டியிருந்தது.

"திரைத்துணி எடுத்தாச்சா?" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

"வாங்க எங்க நேரம்? இருக்கிற திரைய எடுக்கத்தான் தேதி கேட்டுட்டு வந்தேன்."

வழியெல்லாம் ஹார்லன் பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை. மூன்றாம் நாள் சமையலறையில் வெடித்தான். வெர்னா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"ஊரையே கூட்டு சேத்துக்கிட்டு என்னை ஏமாத்தியிருக்க. மார்ஜ், அந்தப் பையன், எல்லாரும் சேந்து. பாட்டுக்குழு முழுக்கச் சிரிச்சிருக்கும்."

"பாட்டுக்குழுல பாதி பேருக்குத்தான் தெரியும்."

"என் கண்ணு, என் துப்பாக்கி, என் மான். தெரிஞ்சா தெரியுது, தெரியாட்டிப் போகுது. உனக்கு என்ன வந்துச்சு?"

வெர்னா கத்தியைக் கீழே வைத்தாள்.

"போன நவம்பர்," என்றாள். "நீ பரண் மேல இருந்த. சாப்பாடு ஆறிப்போகுதேன்னு உன்னைக் கூப்பிட வந்தேன். காட்டு ஓரமா வந்தேன். துப்பாக்கிக் குழல் என் பக்கம் திரும்புச்சு. நான் நடந்தேன். அதுவும் கூடவே வந்துச்சு. நான் நின்னேன். அதுவும் நின்னுச்சு."

பெரிய மானைத் தவறவிட்டதற்கு இரண்டு நாள் முந்திய அந்தச் சாயங்காலம் ஹார்லனுக்கு மறக்கவில்லை. பழுப்பாக ஒரு உருவம். விரல் விசையில் இருந்தது. அப்போது மான் இருமியது. மான் அப்படி இருமாது. அவன் துப்பாக்கியை இறக்கி, ரவைகளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான். வீட்டுக்குப் போனபோது வெர்னா வழக்கம்போலப் பரிமாறினாள். அவளுக்குத் தெரியாது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தான்.

பயம் வந்தால் சில ஆம்பிளைகளுக்குக் கோபம்தான் முதலில் வரும்.

"வேட்டை நாள்ல காட்டுப் பக்கம் வர்றவ தூரத்துலயே தெரியற மாதிரி ஆரஞ்சுக் கோட்டு போட்டுட்டு வரணும்னு தெரியாதா? பழுப்புக் கோட்டப் போட்டுட்டு வந்தா?"

"ஆரஞ்சுக் கோட்டுதான் போட்டிருந்தேன் ஹார்லன்."

ஹார்லன் அடுப்புப் பக்கம் போய், கொதிக்கிற தண்ணீரை இறக்கிவைத்தான்.

"எனக்கு எது பொறுக்கலன்னு சொல்லட்டுமா?" என்றாள் வெர்னா. "நான்னு தெரிஞ்சு குறி வெச்சிருந்தா, சரி, இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கோம், ஏதாவது கோவம் இருக்கும்னு நெனச்சிருப்பேன். நீ மானுன்னு நெனச்சியே!"

"பெரிய மானுன்னு நெனச்சேன்," என்றான் ஹார்லன்.

"கொம்பு இருந்துச்சா?"

"தெரியல."

"அதத்தான் நானும் சொல்றேன்."

அவள் மறுபடி கத்தியை எடுத்து உருளைக்கிழங்கைச் சீவத் தொடங்கினாள். தோல் வழக்கத்தைவிடக் கனமாக விழுந்தது. ஹார்லன் நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தான். "எப்ப எடுக்கறாங்களாம்?" என்று கேட்டான்.

"வேட்டை தொடங்கறதுக்கு முந்தின வாரம். வலது கண்ணு மட்டும் மொதல்ல."

முந்தின வாரமா! ஹார்லனுக்கு உள்ளுக்குள் சந்தோஷமே வந்துவிட்டது. வேட்டைக்குச் சரியாகப் புதுக் கண்ணோடு ஏறலாம். பொம்பளை கோபத்திலும் புருஷனுக்கு நல்லதைத்தான் நினைத்திருக்கிறாள் என்று கொஞ்சம் கண்கூடக் கலங்கினான்.

அறுவை முடிந்து கண்கட்டைப் பிரித்தபோது வானம் அத்தனை நீலமாக இருந்தது அவனுக்கு அநியாயமாகப் பட்டது. இத்தனை நாள் இதை யார் வைத்திருந்தார்கள்? வீட்டுக்கு வந்து இறங்கியவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"வராந்தாவுக்கு யாரு இந்த ஊதாச் சாயம் அடிச்சது?"

"நீதான். போன கோடையில."

"சாம்பல் நெறம்னுல்ல வாங்கினேன்!"

"வாங்கினது ஊதாதான்."

"ஒருத்தரும் சொல்லலயே? டுவேன் தெனம் பாக்கறானே?"

"அவனுக்குச் சிரிக்கிறதுக்கு வேணும். எனக்குப் பிடிச்சிருந்துச்சு."

உள்ளே வந்து, விளக்கு வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பார்த்தான். கண்ணோரத்தில் இத்தனை கோடு எப்போது விழுந்தது? முடி முழுக்க வெளுத்திருந்தது. அவனுக்குத் தெரிந்த வெர்னாவுக்குக் காதுக்குப் பின்னால் கொஞ்சம்தான் நரை.

"எப்பலருந்து இப்படி?" என்றான் மெதுவாக.

"நீ பாக்காத வருஷம் எல்லாம் சேந்து," என்றாள் அவள். சொல்லிவிட்டு விளக்கை அணைத்தாள்.

மறுநாள் மார்ஜ் கடைக்குப் போனான். தலையைக் குனிந்துகொண்டே, "அந்த ஆறு மடங்கு இருக்கா?" என்றான்.

"இருக்கு. தள்ளுபடி வெலைக்கே தர்றேன். யாரோ ஒரு தடவ வாங்கிட்டுத் திருப்பினது."

"எந்த முட்டாள் திருப்பினான்?"

மார்ஜ் பொட்டலம் கட்டினாள். பாதி கட்டும்போது ஹார்லனுக்கே புரிந்துவிட்டது.

அந்தியில் வராந்தாவில் அதைப் பிடித்துப் பார்த்தான். காட்டோரத்துப் பிர்ச் மரத்தில் பட்டை உரிந்து சுருண்டிருந்தது தெரிந்தது. டுவேன் வீட்டு வேலியில் எந்தக் கம்பி தளர்ந்திருக்கிறது என்பது தெரிந்தது. ஜெர்மன் ஸ்கோப்பின் விலையில் பத்தில் ஒரு பங்கு. ஹார்லன் அதைப் பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டான்.

வேட்டை தொடங்க ஒரு நாள் இருக்கும்போது மறுபார்வைக்கு டாக்டர் தாவிடம் போனார்கள். கண் அருமையாக ஆறுகிறது என்றான் டாக்டர். ஹார்லன் எழுந்தான்.

"அப்ப நாளைக்குப் பரண் ஏறிடலாம்."

"தாராளமா ஏறுங்க. துப்பாக்கி மட்டும் வேண்டாம்."

"என்னது?"

"சுட்டா பின்னால இடிக்கும்ல, அந்த அதிர்ச்சி இந்தக் கண்ணுக்கு ஆகாது. ஒரு மாசம் தொடக் கூடாது."

"மாசமா? வேட்டையே அதுக்குள்ள முடிஞ்சுடுமேய்யா!"

"தேதி குறிக்கும்போதே உங்க மனைவிகிட்டச் சொன்னேனே? அவங்கதான் முதல்ல கேட்டாங்க, எத்தனை நாள் சுடக் கூடாதுன்னு. அக்டோபர்ல எடம் இருக்குன்னேன். வேண்டாம், நவம்பர்லயே போடுங்கன்னாங்க."

ஹார்லன் திரும்பினான். புதுக் கண்ணால் எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. வெர்னா மூலையில் இருந்த தொட்டிச் செடியின் இலையைக் கவனமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மத்தியானம் அவள் ஆரஞ்சுக் கோட்டை மாட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். முதுகில் வேட்டை அனுமதிச் சீட்டு குத்தியிருந்தது. கையில் அவன் துப்பாக்கி. அதன் மேல் அவன் ஸ்கோப்.

"இது என்ன வேஷம்?"

"மார்ஜ் கடைக்குப் பின்னால சுட்டுப் பழகற எடம் இருக்குல்ல? அங்க போய்க் கத்துக்கிட்டேன். நேத்து உன் புது ஸ்கோப்ப மாட்டிக் குறியும் சரி பண்ணியாச்சு."

"கோடை முழுக்கப் பாட்டு ஒத்திகைன்னுல்ல போன?"

"பாட்டும் பாடினோம். நடுநடுவுல சுட்டோம்."

"வெர்னா, அது என் துப்பாக்கி!"

"யாரு இல்லன்னா? நீயும் வா. உனக்குத்தான் இப்ப நல்லாக் கண்ணு தெரியுதே. பாத்துச் சொல்லு."

போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் வேட்டையின் முதல் நாள், வீட்டில் உட்கார்ந்து ஊதா வராந்தாவைப் பார்த்துக்கொண்டிருக்க எந்த ஆம்பிளையால் முடியும்? போனான். பரண் ஒரு ஆளுக்குக் கட்டியது. முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். சூரியன் இறங்கியது. பனி நிறம் மாறியது. அவன்தான் முதலில் பார்த்தான். வெறுங்கண்ணால், ஒவ்வொரு கொம்புக் கிளையும் தனித்தனியாகப் பார்த்தான். டுவேன் வீட்டுச் சுவரில் இருந்தது இதற்குக் குட்டி.

"அதோ," என்றான். "பிர்ச்சுக்கு எடது பக்கம். வெர்னா, குடு."

"டாக்டர் சொன்னாரு."

"ஒரே ஒரு தடவ. ஆயுசுக்கும் வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்."

"பேசாத. ஓடிடும்."

"மூச்ச அடக்கு. தோளுக்குப் பின்னால வை. விசைய இழுக்காத, மெதுவா அமுக்கணும், நான் சொல்லும்போது…"

அவன் சொல்வதற்குள் சத்தம் கேட்டுவிட்டது. மான் இரண்டு அடி எடுத்துவைத்துப் பனியில் சாய்ந்தது.

சத்தம் கேட்டு டுவேன் மானை ஏற்றிப் போகச் சறுக்குப் பலகையை இழுத்துக்கொண்டு ஓடி வந்தான். மானைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான். ஹார்லன் தோளில் ஓங்கித் தட்டினான்.

"அடப்பாவி, கடைசியில சாதிச்சிட்டியே!"

ஹார்லன் வாயைத் திறந்தான். ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. வெர்னா துப்பாக்கியைத் தோளில் மாட்டியபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஸ்கோப்பு நான் வாங்கினது," என்றான் ஹார்லன்.

அந்த வாரமே, வீட்டுக்கு வீடு விருந்து வைக்கிற நன்றி தெரிவிக்கும் நாள் வந்தது. மான்கறியை வெங்காயத்தோடு வதக்கி வைத்திருந்தாள் வெர்னா. டுவேனும் மார்ஜும் சாப்பிட வந்திருந்தார்கள். டுவேன் மீசையைத் தொடவே இல்லை. எப்படிச் சுட்டாள், எங்கே பட்டது என்று திரும்பத் திரும்ப வெர்னாவையே கேட்டுக்கொண்டிருந்தான். ஹார்லன் மூன்றாவது பிராந்திக்குப் பிறகு கிளாஸோடு எழுந்து நின்றான்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. கண்ணு ஆறிடுச்சு. ஸ்கோப்பு இருக்கு. அடுத்த நவம்பர்ல அந்தப் பரண் மேல, அந்தத் துப்பாக்கியோட, நான்தான் உக்காருவேன். சொல்லிட்டேன்."

மார்ஜ் தட்டைப் பார்த்துக்கொண்டாள்.

"உக்காந்து சாப்பிடு, ஆறுது," என்றாள் வெர்னா, அவன் தட்டில் இன்னொரு துண்டு கறியை வைத்து. "அடுத்த நவம்பர்ல எடது கண்ணு. தேதி வாங்கியாச்சு."